ஃபார்மேட் போட்டாச்சா? கொஞ்சம் பொறுங்க!



சிஸ்டம் ஸ்லோவாக ஓடுகிறதா, வைரஸ் புகுந்துவிட்டதா, விண்டோஸ் பாதியில் நிற்கிறதா? நோய் எதுவானாலும் நம் ஊரில் வைத்தியம் ஒன்றுதான்: "ஃபார்மேட் போட்டுடுப்பா!" போதாததற்கு, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதையொட்டிப் புது விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ மாறியவர்கள் நம்மில் பலர். மாறிய மறுநாள்தான் ஞாபகம் வரும்: "அய்யோ, என் கேம் ஃபைல்!"

கேம் போனால் போகட்டும். அதே கேம் லட்சம் பேரிடம் இருக்கிறது, மறுபடி இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். ஆனால் நீங்கள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வரைந்த மேப்புக்கு உலகத்திலேயே ஒரே ஒரு பிரதிதான். "கேம்தானே" என்று வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். புராஜெக்ட் டிராயிங் போனாலும் இதே கதைதான், அதை மீட்கும் வழியும் இதேதான். ஆகவே இந்தப் பாடத்தைக் கேம் ஃபைலை வைத்தே படிப்போம்.

ஃபைல் திரும்பி வருமா வராதா என்பதை விலை உயர்ந்த சாஃப்ட்வேர் முடிவு செய்வதில்லை. இரண்டு விஷயங்கள்தான் முடிவு செய்கின்றன. ஒன்று, ஃபார்மேட்டுக்குப் பிறகு அந்த டிஸ்க்கில் எவ்வளவு எழுதினீர்கள். இரண்டு, கேம் உங்கள் ஃபைலை எங்கே வைத்திருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா என்பது.

1. ஃபார்மேட் எதை அழிக்கிறது?

நகராட்சி வரிப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வீதியில் எந்த வீடு, யார் பேரில் என்று அதில் இருக்கும். ஒருநாள் அந்தப் பதிவேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, "எல்லா மனையும் காலி" என்று புதிதாக ஒரு பதிவேடு திறந்தால் என்ன ஆகும்? துய்மா வீதியில் வீடுகள் அப்படியேதான் நிற்கும். ஆனால் "காலி மனை" என்று நம்பி யாராவது கட்டட வேலையை ஆரம்பித்தால் அந்த வீடு இடிந்துபோகும்.

குயிக் ஃபார்மேட் செய்வது இதைத்தான். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறையில் இந்தப் பதிவேட்டுக்கு எம்.எஃப்.டி. என்று பெயர். ஒவ்வொரு ஃபைலுக்கும் அதில் பொதுவாக 1 கேபி அளவில் ஒரு குறிப்பு இருக்கும். பெயர், தேதி, ஃபைலின் உடல் டிஸ்க்கில் எந்த இடங்களில் கிடக்கிறது என்பதெல்லாம் அதில் உண்டு. ஃபைல் மிகச் சிறியதாக, சில நூறு பைட்டுகளுக்குள் இருந்தால் அதன் உடலே அந்தக் குறிப்புக்குள் அடங்கிவிடும். குயிக் ஃபார்மேட்டில் புது எம்.எஃப்.டி. பிறக்கிறது. ஆனால் பழைய ஃபைல்களின் உடலை யாரும் தொடுவதில்லை. ஹார்டு டிஸ்க்கில் ஃபார்மேட் சில நொடியில் முடிவதற்கு இதுதான் காரணம்.

ஃபுல் ஃபார்மேட் வேறு. விண்டோஸ் விஸ்டா முதல், அது டிரைவ் முழுவதும் பூஜ்யம் எழுதிவிடும். பதிவேட்டோடு வீடுகளும் போய்விடும்.

பென் டிரைவ்களில் உள்ள ஃபேட் முறையில் ஒரு ஃபைலை டெலிட் செய்தால் நடப்பது இன்னும் எளிது. பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் 'இ5' என்ற ஹெக்ஸ் குறி விழும். "இந்த இடம் காலி" என்று அர்த்தம். இந்த நுணுக்கத்தைப் பயன்படுத்தித்தான் பீட்டர் நார்ட்டன் 1982-இல் அன்இரேஸ் என்ற மீட்பு நிரலைக் கொண்டுவந்தார். 1991-இல் வந்த டாஸ் 5.0-இல் அன்டெலிட், அன்ஃபார்மேட் என்று இரண்டு கட்டளைகளே இருந்தன. ஆக, "ஃபார்மேட் ஆனாலும் மீட்கலாம்" என்பது நேற்று வந்த வித்தை அல்ல.

2. முதல் வேலை: எழுதுவதை நிறுத்துங்கள்

ஃபைல் போனது தெரிந்ததும் நம் கை என்ன செய்யும்? உடனே கேமை மறுபடி இன்ஸ்டால் செய்யும். அடுத்து நெட்டிலிருந்து ஒரு ரெகவரி சாஃப்ட்வேரை இறக்கி அதே சி டிரைவில் போடும். இரண்டும் "காலி மனை"யில் கட்டடம் கட்டுகிற வேலை. நீங்கள் சும்மா இருந்தாலும் விண்டோஸ் சும்மா இருக்காது. அப்டேட் இறங்கும், தற்காலிக ஃபைல்கள் பிறக்கும், பேஜ் ஃபைல் வளரும்.

எனவே கம்ப்யூட்டரை அணையுங்கள். டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. கேபிள் மூலம் இன்னொரு கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டுங்கள். கழற்ற முடியாவிட்டால் பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸை ஏற்றுங்கள். மீட்கும் ஃபைலை எப்போதும் வேறொரு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். இந்த ஒரு பாராவை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டாலே பாதி பாஸ்!

3. எந்த வகை ரீ-இன்ஸ்டால்?

கடையில் "விண்டோஸ் மாத்திட்டோம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். அதில் மூன்று வகை உண்டு. எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

முதல் வகை, ஃபார்மேட் செய்யாமல் அதே டிரைவில் புது விண்டோஸ் போடுவது. இதில் பழைய விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ், யூசர்ஸ் ஃபோல்டர்கள் எல்லாம் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கும். திறந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது நிரந்தரம் அல்ல. அப்கிரேடு செய்தவர்களுக்குப் பழைய நிலைக்குத் திரும்பும் வசதி இப்போது பொதுவாக 10 நாள்தான். அதன் பின் விண்டோஸே அந்த ஃபோல்டரைத் துடைத்துவிடும்.

இரண்டாவது வகை, 'ரீசெட்' செய்யும்போது "என் ஃபைல்களை வைத்துக்கொள்" என்பதைத் தேர்ந்தெடுப்பது. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்றவை தப்பும். நீங்கள் இன்ஸ்டால் செய்த புரோகிராம்கள் நீக்கப்படும். புரோகிராம் ஃபோல்டருக்குள் மேப் வைத்திருந்தவர் மாட்டிக்கொள்வார்.

மூன்றாவது வகைதான் குயிக் ஃபார்மேட் செய்து புதிதாகப் போடுவது. சி டிரைவ் காலியாகும். டி, இ டிரைவ்கள் பெரும்பாலும் தப்பும். நிஜமான மீட்பு வேலை இதில்தான்.

4. கேம் எங்கே ஒளித்து வைக்கிறது?

கேமுக்குக் கேம் இடம் மாறும். ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி தன் சேவ்களை டாக்குமென்ட்ஸுக்குள் தன் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் போட்டு வைக்கும். டாக்குமென்ட்ஸை காப்பி எடுத்தவருக்குப் பிரச்சினை இல்லை. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பின் உலகங்கள் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில், ரோமிங் என்பதன் கீழே, சேவ்ஸ் என்ற பெயரில் இருக்கும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இன் 2019 டெஃபினிட்டிவ் எடிஷன், யூசர் ஃபோல்டருக்குள் 'கேம்ஸ்' என்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளும்.

கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6-இல் ஒரு நல்ல விஷயம் உண்டு. நீங்கள் உருவாக்கிய மேப்பை உங்கள் சர்வரில் ஓட்டும்போது, சேர்ந்து ஆட வந்தவர்களின் கம்ப்யூட்டருக்கும் அந்த மேப் இறங்கிவிடும். மேப்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும். எனவே டிஸ்க்கைத் தோண்டும் முன், லேனில் உங்களோடு ஆடிய நண்பர்களைக் கேளுங்கள். ஆனால் அங்கே கிடைப்பது ஆடத் தயாரான பி.எஸ்.பி. ஃபைல்தான். எடிட்டரில் நீங்கள் வரைந்த மூல ஃபைல் உங்களிடம் மட்டுமே இருந்திருக்கும்.

இனி, பலரை ஏமாற்றுகிற இடத்துக்கு வருவோம். விண்டோஸ் விஸ்டாவுக்கு முந்தைய பழைய கேம்கள் தங்கள் ஃபைல்களைப் புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே எழுதப் பார்க்கும். விஸ்டா முதல், பாதுகாப்புக்காக அங்கே சாதாரண யூசர் எழுத அனுமதி இல்லை. எழுத விடாவிட்டால் பழைய கேம் கெட்டுப்போகும். அதனால் விண்டோஸ் ஒரு தந்திரம் செய்கிறது. கேம் எழுதுவதை வாங்கி, ஆப்டேட்டாவுக்குள் 'விர்ச்சுவல் ஸ்டோர்' என்ற மறைவிடத்தில் போட்டு வைக்கிறது. கேமிடம் "நீ கேட்ட இடத்திலேயே எழுதிட்டேன்" என்று சொல்லிவிடுகிறது. கேமும் நம்பும், நீங்களும் நம்புவீர்கள். கேம் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் உங்கள் ஃபைல் இருக்காது!

5. செஞ்சிக் கோட்டை மீண்ட கதை

நம் ஜூனியர் மாணவர்கள் மூன்று பேர் 1999-இல் வந்த பழைய ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இன் எடிட்டரில் செஞ்சிக் கோட்டையை உருவாக்கினார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள், இடையில் மதில். 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுப் படை ராத்திரியோடு ராத்திரியாகக் கோட்டையைப் பிடித்ததுதான் கதை. இரண்டு முறை பஸ் ஏறிப் போய்ப் படிகளையும் வாசல்களையும் குறித்துக்கொண்டு வந்து செய்த வேலை. அந்தக் கோட்டை 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில், மராத்தியர் கோட்டைகளின் வரிசையில் சேர்ந்தபோது அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை.

மேப் இருந்த கம்ப்யூட்டர் ஒருநாள் ஏறவில்லை. ஒரு கடையில் குயிக் ஃபார்மேட் செய்து விண்டோஸ் போட்டுக் கொடுத்தார்கள். கடைக்காரர் பொறுப்பாகக் கேட்டுத்தான் செய்திருக்கிறார். கேம் ஃபோல்டரை முழுசாக டி டிரைவில் காப்பி எடுத்தும் வைத்திருந்தார்.

"அண்ணா, ஃபோல்டர் அப்படியே இருக்குண்ணா. உள்ள நம்ம மேப் மட்டும் இல்ல. ஆறு மாச வேலைண்ணா!"

"வச்சது விர்ச்சுவல் ஸ்டோர்ல இருந்திருக்கும்டா. அது சி டிரைவோட போச்சு. சரி, மறுபடி கேம் போட்டியா?"

"இல்லண்ணா. பயத்துல தொடவே இல்ல."

அந்தப் பயம்தான் காப்பாற்றியது என்பேன்.

முதலில் டிஸ்க்கைக் கழற்றி, லினக்ஸ் ஓடும் வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினோம். டிடி-ரெஸ்க்யூ என்ற இலவச நிரலால் சி டிரைவ் முழுவதையும் பைட் பைட்டாக வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்தோம். இதற்கு இமேஜ் என்று பெயர். சி டிரைவ் 150 ஜிபி. பழைய யு.எஸ்.பி. 2.0 வழியாக நொடிக்குச் சுமார் 30 எம்பி என்று வைத்துக்கொண்டால் 5,000 நொடி, அதாவது 83 நிமிடம். டீ குடித்துவிட்டு வரலாம். இதன் பிறகு தோண்டுவதெல்லாம் நகலில்தான். தவறு நடந்தாலும் அசல் பத்திரம்.

அடுத்து டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக். இரண்டும் கிறிஸ்டோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய இலவச நிரல்கள். டெஸ்ட்டிஸ்க் பழைய பதிவேட்டை மீட்கப் பார்க்கும். எங்களுக்கு அது பலிக்கவில்லை. புது விண்டோஸின் எம்.எஃப்.டி. பழையதன் மேலேயே உட்கார்ந்துவிட்டது. ஃபோட்டோரெக் பதிவேட்டைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு ஃபைல் வகைக்கும் தொடக்கத்தில் ஒரு அடையாளம் உண்டு. ஜிப் ஃபைல் என்றால் 'பிகே' என்று ஆரம்பிக்கும். இந்த அடையாளங்களைத் தேடி எடுத்துக் கொடுக்கும். ஃபோட்டோக்கள் கொட்டின. ஆனால் கேம் மேப் அதில் வரவில்லை.

அப்போதுதான் ஃபைலின் உள்ளமைப்பு தெரிந்திருப்பதன் அருமை புரிந்தது. இந்தக் கேமின் மேப் ஃபைல் '1.21' போன்ற ஒரு பதிப்பு எண்ணோடு தொடங்கும். அடுத்து, கடைசியாக சேவ் செய்த நேரம், பிறகு ஆட்டக்காரருக்கு நாம் டைப் செய்யும் குறிப்புரை. இதுவரை சுருக்கப்படாத வெறும் எழுத்து. அதற்குப் பிறகு வரும் மேப் மட்டும் 'டிஃப்ளேட்' முறையில் சுருக்கப்பட்டிருக்கும்.

"குறிப்புரையில என்ன டைப் பண்ணீங்க? ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆங்கிலத்தில் அவர்களே எழுதிய இரண்டு வரி. அதை வைத்து 150 ஜிபி இமேஜ் முழுவதும் தேடினோம். இங்கே ஒரு நுணுக்கம். ஃபைல் பெயரைத் தேடினால் சிக்காது, ஏனென்றால் விண்டோஸ் பெயர்களை ஒரு எழுத்துக்கு இரண்டு பைட் என்ற கணக்கில் வைக்கிறது. கேமின் குறிப்புரையோ எழுத்துக்கு ஒரு பைட். எந்தக் கணக்கு என்று தெரியாவிட்டால் இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

மூன்று இடத்தில் சிக்கியது. ஒன்று வெறும் துண்டு, முன்னால் பதிப்பு எண் இல்லை. மற்ற இரண்டிலும் எண் இருந்தது. அந்த இடத்திலிருந்து 1 எம்பி அளவு வெட்டி எடுத்து, பைத்தான் மொழியில் இருக்கும் இசட்-லிப் மூலம் விரித்துப் பார்த்தோம். டிஃப்ளேட்டில் தரவு எங்கே முடிகிறது என்று அதற்குள்ளேயே குறி இருக்கும். முழுசாக விரிந்து அந்தக் குறி வந்தால் ஃபைல் நல்ல ஃபைல். வழியில் நின்றால் நடுவில் வேறு ஏதோ எழுதப்பட்டிருக்கிறது.

இரண்டில் புதியது பாதியில் நின்றது. பழையது, 12 நாள் முந்தைய சேவ், கடைசி வரை விரிந்தது. கேமில் திறந்தோம். மூன்று மலையும் நின்றன. கடைசி 12 நாளில் சேர்த்த டிரிக்கர்கள் இல்லை. அதை அவர்கள் நான்கு சாயங்காலத்தில் திரும்பச் செய்துவிட்டார்கள். ஆறு மாதம் போய், நான்கு சாயங்காலமாகச் சுருங்கியது. மீட்பு என்றால் பெரும்பாலும் இப்படித்தான், முழுசாக வருவது அபூர்வம்.

6. எப்போது கையை விரிக்க வேண்டும்?

மேலே சொன்னதெல்லாம் சுழலும் ஹார்டு டிஸ்க்கில். எஸ்.எஸ்.டி.யில் கதை வேறு. விண்டோஸ் 7 காலம் முதல் 'டிரிம்' என்ற கட்டளை உண்டு. ஃபார்மேட் செய்ததும் "இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்" என்று டிரைவுக்கே சொல்லிவிடும். எஸ்.எஸ்.டி. அந்தச் செல்களைத் தன் வசதிக்கு அழித்துக்கொள்ளும். பதிவேடு மாறிய மறு நிமிடமே புல்டோசர் வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.எஸ்.டி.யில் ஃபார்மேட் ஆன டிரைவிலிருந்து மீட்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஃபுல் ஃபார்மேட் ஆனாலும் அப்படித்தான். பிட்லாக்கர் பூட்டுப் போட்ட டிரைவை ஃபார்மேட் செய்தாலும் சிரமம்தான், மிச்சம் இருப்பது புரியாத எழுத்துக் குப்பை.

இன்று விற்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் எஸ்.எஸ்.டி.தான். அதாவது மீட்கும் வித்தை வரவர பலிக்காமல் போகிறது. அப்படியானால் என்ன செய்வது?

7. பிரதி எடுத்தால் பிழைக்கும்

விடை நம் ஊரிலேயே இருக்கிறது. துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தினப்படி சேதிக்குறிப்பு எழுதினார். செஞ்சி விழுந்த காலமும் அதற்குள் அடக்கம். 1846-இல் கலுவா மோம்பிரன் என்ற பிரெஞ்சு அதிகாரி அந்த ஏடுகளைக் கண்டெடுத்துப் பிரதி எடுக்கச் செய்தார். அரியேல் என்பவர் எடுத்த இன்னொரு பிரதி பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போனது. இரண்டு பிரதி, இரண்டு ஊர், நடுவில் கடல். இதைவிட நல்ல பேக்கப்பை எந்தக் கம்ப்யூட்டர் பாடப் புத்தகமும் சொல்லித் தராது.

கேம் உலகிலும் ஒரு சாட்சி உண்டு. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக எழுதி 1989-இல் வெளியிட்டார். அதன் மூல நிரல் காணாமல் போய்விட்டது என்றே நினைத்திருந்தார். 2012-இல் அவருடைய அப்பா பழைய பெட்டி ஒன்றில் அந்த ஃப்ளாப்பிகளைக் கண்டெடுத்தார். விஷயம் தெரிந்தவர்களை வரவழைத்து, பக்குவமாகப் படித்து நகல் எடுத்தார்கள். 20 ஆண்டுக்கு மேலான ஃப்ளாப்பி பேசியது. ஆனால் அது அதிர்ஷ்டம். நம் ஒவ்வொருவர் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை யாராவது "ஃபார்மேட் போட்டுடலாமா?" என்று கேட்டால், தலையாட்டும் முன் இந்த ஐந்தையும் பாருங்கள்.

அ. நீங்கள் உருவாக்கிய ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது? கேமில் ஒரு சேவ் போட்டு, அன்றைய தேதியுள்ள ஃபைலைத் தேடிக் கண்ணால் பாருங்கள்.

ஆ. ஆப்டேட்டா, விர்ச்சுவல் ஸ்டோர் இரண்டையும் மறைவு நீக்கிப் பார்த்தீர்களா?

இ. காப்பி எடுத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தீர்களா? திறந்து பார்க்காத பேக்கப் பேக்கப்பே அல்ல.

ஈ. ஒரு பிரதியாவது வேறு வீட்டில், அல்லது நெட்டில் இருக்கிறதா?

உ. உள்ளே இருப்பது ஹார்டு டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா?

ஐந்துக்கும் பதில் இருந்தால் தைரியமாக ஃபார்மேட் போடுங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் கடைக்காரரிடம் சொல்லுங்கள்: "அண்ணே, ஒரு நிமிஷம். ஒரு பென் டிரைவ் எடுத்துட்டு வந்துடறேன்."